பழவேற்காடு: முள்ளுக்காட்டு வழியே ஏரியைப் பார்க்க ஒரு நடை

மெக்சிகோக்காரங்க கழுத்துலயோ தலையிலயோ கட்டிக்கிற பூப்போட்ட சதுரத் துணி ஒண்ணு இருக்கு. சினிமாவில் பார்த்திருப்பீங்க. குதிரையில வர்ற ஆள் மூக்கு வரைக்கும் அதை இழுத்துக் கட்டியிருப்பார். ஸ்பானிஷ் மொழியில் அதுக்குப் பேரு 'பாலியாக்காத்தே'. அந்தச் சொல் எங்கிருந்து போச்சுன்னு தெரியுமா? நம்ம பொன்னேரிக்குப் பக்கத்துல இருக்கிற பழவேற்காட்டிலிருந்து!

பழவேற்காடு என்ற பேர் போர்த்துகீசியர் வாயிலும் டச்சுக்காரர் வாயிலும் நுழையாமல் 'பாலியாகாட்டா' ஆச்சு. அதையே இங்கிலீஷ்காரன் 'புலிகாட்' ஆக்கினான். இங்கே நெய்து கப்பலேறிய கைக்குட்டைத் துணிக்கும் ஊர்ப் பேரே நிலைச்சுப் போச்சு. பழைய ஆங்கில அகராதிகளில் புலிகாட் என்றால் கட்டம் போட்ட வண்ணக் கைக்குட்டை என்று பொருள் போட்டிருக்கும்.

இந்த ஊர்ப் பேரைச் சுமந்துகிட்டு துணி மட்டும் கடல் தாண்டிப் போகலை. மனுஷங்களும் போனாங்க. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நடந்து பார்த்த வரிசையிலேயே சொல்லிக்கிட்டு வர்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

கிளம்பினது

ஜனவரி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. நானும் நண்பர் ஒருத்தரும் காலையில கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலைப் பிடிச்சு பொன்னேரியில இறங்கினோம். அங்கிருந்து பஸ். வயல், செங்கல் சூளை, அப்புறம் உப்புக்காத்து. பஸ் நின்ற இடத்துல இறங்கினதுமே மீன் வாசனை வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகும். கடையில இட்லி சாப்பிட்டுட்டு, ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி வாங்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சோம்.

திட்டம் ரொம்ப சுலபம். முதல்ல டச்சுக் கல்லறை. அடுத்து கோட்டை இருந்த இடம். அங்கிருந்து பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம். குப்பத்தைத் தாண்டினா, ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா ஒரு மணல் திட்டு கிடக்கு. அந்தப் புதர்க்காட்டு வழியா நடந்து, உயரமான ஒரு மணல்மேட்டுல ஏறி ஏரியைப் பார்க்கணும். சாயங்காலத்துக்குள்ள திரும்பிடணும்.

பழவேற்காடு ஏரியைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு, தெற்கு நுனி மட்டும் நம்மகிட்ட. ஆரணி ஆறு, காளங்கி, சொர்ணமுகி எல்லாம் நல்ல தண்ணியைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியா கடல் தண்ணி உள்ளே வரும். ரெண்டும் கலந்த தண்ணியில இறாலும் நண்டும் மடவையும் வளரும். பரப்பு பெருசே தவிர ஆழம் ரொம்பக் குறைச்சல். பல இடத்துல ஒரு ஆள் இறங்கி நடந்தே போகலாம். இந்த ஆழக் குறைவை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

எலும்புக்கூடு காவல் காக்கும் வாசல்

டச்சுக் கல்லறை ஊருக்குள்ளயே இருக்கு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறதால சுத்தமா வெச்சிருக்காங்க. வாசல்ல ரெண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒண்ணு கையில மணல் கடிகாரம், இன்னொண்ணுகிட்ட மண்டையோடு. உன் நேரம் ஓடிக்கிட்டிருக்குன்னு உள்ளே போறவனுக்குச் சொல்றாங்களாம். காலையிலேயே இப்படி ஒரு வரவேற்பு!

உள்ளே 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். தரையோட படுத்திருக்கிற பெரிய கருங்கல் பலகைகள், கோபுரம் மாதிரி கூம்பிப் போற நினைவுத் தூண்கள். பலகைகள்ல குடும்பச் சின்னம், டச்சு எழுத்து, பூ வேலை. நேத்து செதுக்கின மாதிரி இருக்கு எழுத்து. இன்னார், கம்பெனியில இன்ன உத்தியோகம், இந்த வருஷம் பிறந்து இந்த வருஷம் செத்தார். சில கல்லுல மனைவி பேர், சிலதுல குழந்தைகள் பேர். சின்ன வயசுலயே செத்துப் போன குழந்தைகளுக்கும் பேரும் தேதியும் இருக்கு. அதைப் பார்க்கும்போது எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன, மனசு கஷ்டப்படத்தான் செய்யுது.

இவங்க எப்படி இங்க வந்தாங்க?

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் ஆரம்பிச்சது. அவங்களுக்கு வேண்டியது மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். அதெல்லாம் விளைஞ்சது இன்றைய இந்தோனேசியத் தீவுகளில். ஆனா அந்தத் தீவுக்காரங்க வாசனைப் பொருளுக்குப் பதிலா முக்கியமா கேட்டது சோழமண்டலக் கரைத் துணியை! தலைமுறை தலைமுறையா நம்ம துணிக்குப் பழகினவங்க அவங்க. துணி இல்லேன்னா ஜாதிக்காய் இல்ல. ஹென்ரிக் ப்ரௌவர் என்ற கம்பெனி அதிகாரி 1612-லேயே சோழமண்டலத்தை மலுக்குத் தீவுகளின் இடது கை என்று வர்ணிச்சிருக்கார். அந்தக் கை இல்லேன்னா அங்கே வியாபாரம் செத்துப் போகும்னு அர்த்தம்.

அப்போ இந்தப் பகுதி விஜயநகர வாரிசான வேங்கடபதி ராயரின் ஆட்சியில் இருந்தது. அவரோட அனுமதி வாங்கி 1610-ல் டச்சுக்காரங்க பழவேற்காட்டில் பண்டசாலை போட்டாங்க. அவங்களுக்கு முன்னாடியே கரையில காலூன்றியிருந்த போர்த்துகீசியர் சும்மா விடுவாங்களா? மயிலாப்பூர்ல சாந்தோம் அவங்க கோட்டை. 1612-ல் வந்து பண்டசாலையை நொறுக்கிட்டாங்க. அதனால 1613-ல் கோட்டையே எழும்பிச்சு. கட்டினப்போ தலைமை அதிகாரியா இருந்த வெம்மர் வான் பெர்க்கெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அதனால கோட்டைக்குப் பேரு கெல்ட்ரியா.

சென்னையில ஜார்ஜ் கோட்டை வர்றதுக்கு ஒரு கால் நூற்றாண்டுக்கு முன்னாடி நடந்தது இது.

கோட்டை எங்கே?

கல்லறையிலிருந்து வெளியே வந்து, எதிரே வந்த ஒருத்தர்கிட்ட கேட்டோம்.

"அண்ணே, டச்சுக் கோட்டை எங்க இருக்கு?"

"கோட்டையா? அதோ, அந்த முள்ளுக்காடுதான் கோட்டை."

அவர் விளையாட்டா சொல்லலை, நிஜமாவே அதுதான் கோட்டை. மதில் இல்ல, கொத்தளம் இல்ல, பீரங்கி இல்ல. மேடும் பள்ளமுமா ஒரு நிலம். சுத்தி அகழி இருந்த இடத்துல பள்ளம். மேலே முழுக்க சீமைக் கருவேலம். அங்கங்கே உடைஞ்ச செங்கல், காரைக் கட்டி. முள்ளை விலக்கிக்கிட்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தோம். என் சட்டையில ஒரு கிழிசல், நண்பர் முழங்கையில ஒரு கீறல், அதோட திரும்பிட்டோம். (பாம்பு இருக்கும்னு அந்த அண்ணன் பின்னாடியிருந்து கத்தினார். அதுவும் ஒரு காரணம்.)

பழவேற்காடு என்றால் பழைய வேல மரக் காடு என்று பொருள் சொல்வாங்க. அந்த நாட்டு வேலம் இப்போ கண்ணுல படறது அபூர்வம். இருக்கிறதெல்லாம் சீமைக் கருவேலம். அது அமெரிக்கக் கண்டத்து மரம், மெக்சிகோ பக்கமெல்லாம் அதோட தாய்வீடு. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. நாம மெக்சிகோவுக்குத் துணியோட பேரைக் கொடுத்தோம், அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு முள் வந்துச்சு. சீமையிலிருந்து வந்தவன் கட்டின கோட்டையை சீமை முள்ளே மூடிக்கிட்டிருக்கு.

இந்த முள்ளுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு பாருங்க. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரை முழுமைக்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். அதற்கப்புறம் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போச்சு. நாணயச் சாலை இருந்தது. வெடிமருந்து செய்யும் ஆலை இருந்தது, இங்கே செய்த மருந்து பத்தாவியா வரைக்கும் போச்சு. துணி மூட்டைகள் அடுக்கும் கிடங்குகள் இருந்தன. கணக்கு எழுதுறவங்க இருந்தாங்க. எல்லாத்துக்கும் கணக்கு எழுதினாங்க. அந்தக் கணக்கில் இன்னொரு சரக்கும் இருந்தது.

கணக்கில் ஏறிய மனுஷங்க

1614-ல் வேங்கடபதி ராயர் செத்ததும் வாரிசுச் சண்டை வெடிச்சது. நாயக்கர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டாங்க. தோப்பூர்ல பெரிய போர். ஊர்கள் பாழாப் போச்சு. கூடவே மழையும் பொய்ச்சுது. 1618 முதல் 1620 வரை இந்தக் கரையில் கடும் பஞ்சம்.

அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சு? 1619-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவில் பத்தாவியாவை நிறுவினாங்க. இன்றைய ஜகார்த்தா. கட்டட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் ஆள் வேணும். 1621-ல் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற கவர்னர் ஜெனரல் பண்டா தீவுகள் மேல படையெடுத்தார். அன்றைக்கு உலகத்திலேயே ஜாதிக்காய் விளைஞ்ச இடம் அந்தச் சின்னச் சின்னத் தீவுகள்தான். அங்கே இருந்த சுமார் 15,000 பேரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டாங்க, பட்டினியில் செத்தாங்க, இல்ல விரட்டப்பட்டாங்க. தீவுகளில் மிஞ்சினது ஆயிரம் பேர் சுமார். தோட்டம் இருக்கு, மரம் இருக்கு, காய் பறிக்க ஆள் இல்லை!

ஒரு கரையில் பசி, மறு கரையில் ஆள் தேவை. நடுவுல கப்பல் வெச்சிருக்கிற கம்பெனி. மீதியை நீங்களே யூகிச்சுக்கலாம்.

1622-23-ல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரியான துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டாங்க. வரலாற்று ஆய்வாளர் மார்கஸ் விங்க் டச்சு ஆவணங்களிலிருந்து எடுத்துச் சொல்ற கணக்கு இது. என்னைத் தூக்கிவாரிப் போட்ட தகவல் அடுத்தது. கையில பணம் இருந்திருந்தா இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம்னு இங்கே இருந்த கம்பெனி அதிகாரிகள் சொல்லியிருக்காங்க. துணி கிடைச்சும் வாங்க முடியலையேன்னு சொல்ற அதே வியாபாரிக் குரல்.

இது ஒரு தடவையோட நிக்கலை. 1646-ல் தஞ்சாவூர்ப் பக்கம் பீஜப்பூர்ப் படை புகுந்து சூறையாடின பின்னாடி 2,118 பேர் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டாங்க. 1659-61-ல் மறுபடியும் படையெடுப்பு. நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான இடங்களில் 8,000 முதல் 10,000 பேரை கம்பெனி வாங்கியது. பெரும்பகுதி இலங்கைக்கு, மீதி பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். போரும் பஞ்சமும் வரும்போதெல்லாம் இந்த வியாபாரம் சூடு பிடிச்சிருக்கு.

எப்படி வாங்கினாங்க? பசி தாங்காம பிள்ளையை விற்ற பெற்றோர் உண்டு. தன்னையே விற்றவங்க உண்டு. கடத்திக்கிட்டு வந்து விற்ற தரகர்கள் உண்டு. இங்க ஒண்ணைச் சொல்லியாகணும். அடிமை முறையை டச்சுக்காரன் வந்து நமக்குக் கத்துக்கொடுக்கலை. ஆட்களை விலைக்கு விற்ற செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே வருது. பண்ணையடிமை முறை நம்ம ஊர் வயலில்தான் இருந்துச்சு. விற்ற கையில நம்ம கையும் இருக்கு. டச்சுக்காரன் செஞ்சது அதைக் கடல் கடந்த வியாபாரமா ஆக்கினது. பண்ணையில அடிமையா இருந்தவனுக்கு சொந்தபந்தம், சாமி, மொழி எல்லாம் பக்கத்துலயாவது இருந்துச்சு. கப்பலேறினவனுக்கு அதுவும் போச்சு.

மணல்மேடு

பாலத்தைத் தாண்டும்போது மணி பத்தரை. ரெண்டு பக்கமும் ஏரி. படகுகள், வலை காய வைச்சிருக்கிற கம்புகள், தண்ணியில இடுப்பு வரைக்கும் நின்னு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள். குப்பத்தைத் தாண்டி மணல் பாதையில் இறங்கினோம்.

காடுன்னா பெரிய காட்டை நினைச்சுக்காதீங்க. இடுப்பளவு, தலையளவு புதர்தான். இடையிடையே சவுக்குத் தோப்பு, பனை. தாழம் புதர் ஒரு இடத்துல சுவர் மாதிரி வழியை மறிச்சுது, சுத்திக்கிட்டுப் போனோம். தரையில அடும்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. கால் வைக்கிற இடமெல்லாம் நெருஞ்சி. மணல்ல நடக்கிறது ரோட்டுல நடக்கிறதை விட ரெண்டு மடங்கு வேலை. காத்து இருந்ததால பொழைச்சோம்.

முக்கால் மணி நேரம் கழிச்சு ஒரு மணல்மேடு கிடைச்சுது. ரொம்ப உயரம்னு சொல்ல முடியாது, ரெண்டு ஆள் உயரம் இருக்கும். ஆனா சுத்தியும் தட்டையான நிலம் என்பதால அதுவே மலை மாதிரி. ஏறி நின்னதும் நண்பர் ஒண்ணுமே பேசலை. நானும் பேசலை.

மேற்கே ஏரி. வெள்ளித் தகடு மாதிரி கண்ணுக்கு எட்டின வரைக்கும். தூரத்துல இளஞ்சிவப்பா ஒரு கோடு, உத்துப் பார்த்தா பூநாரைகள். கிழக்கே கடல். வடக்கே ஏரி கடலோட சேர்ற முகத்துவாரம். அதுக்கு அந்தப் பக்கம் மங்கலா ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடுற நாள்ல இந்தக் கரையில நின்னே பார்க்கலாம்.

ஏரிக்கு ஆழம் குறைவுன்னு சொன்னேன் இல்லையா? டச்சுக்காரனின் பெரிய கப்பல்கள் ஏரிக்குள்ள வர முடியாது. அதெல்லாம் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கெல்லாம் சின்னப் படகில் ஏத்தி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய் கப்பலில் ஏத்தணும். துணி மூட்டை அப்படித்தான் போச்சு. வெடிமருந்துப் பீப்பா அப்படித்தான் போச்சு. ஆட்களும் அப்படித்தான் போயிருக்கணும். நான் நின்ன இடத்திலிருந்து பார்த்தா அந்தத் தண்ணிப் பாதை முழுசும் தெரியுது. கடலே பார்க்காத உள்நாட்டு உழவன் ஒருத்தன், தன் ஊர்ப் பஞ்சத்திலிருந்து நடந்து வந்து, படகில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்திருந்தா கடைசியா என்ன தெரிஞ்சிருக்கும்? இந்த மணல்தான். இந்தப் பனைதான்.

பெரியவர் கேட்ட கேள்வி

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது பனை நிழலில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கிட்டிருந்தார்.

"இன்னா தம்பி, இந்த வெயில்ல எங்க சுத்தினு வரீங்க?"

"ஏரி பார்க்க வந்தோம் பெரியவரே."

"ஏரி அங்கியே தெரியுமே, பாலத்தாண்ட."

உட்காரச் சொன்னார். ஏரியில் 'பாடு' முறை எப்படி நடக்குதுன்னு விளக்கினார். ஏரியில இறால் கிடைக்கிற இடங்களுக்குப் பாடுன்னு பேரு. எந்தக் குடும்பம் எந்த நாள் எந்தப் பாட்டுல வலை போடலாம்னு கிராமமே கூடி முறை வெச்சுப் பிரிச்சுக்கும். சண்டை வராம இருக்க முன்னோர் போட்ட ஏற்பாடு. முகத்துவாரம் மணல் மூடிக்கிட்டா கடல் தண்ணி வராது, இறால் குஞ்சு வராதுன்னு கவலைப்பட்டார். "வாய் அடைச்சிக்கிச்சின்னா வவுறும் அடைச்சிக்கும்" என்றார்.

நாங்க எதுக்கு வந்தோம்னு அவருக்கு விளக்கினேன். டச்சுக்காரன் கப்பலில் ஆட்களைக் கொண்டுபோன கதையைச் சொன்னேன். கை வலையிலேயே இருந்தது, காது மட்டும் எங்கிட்ட. கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா?"

"திரும்பி வர வழி ஏதுங்க பெரியவரே... ஆனா போன ஒரு பொண்ணோட கதை எழுத்துல இருக்கு" என்று சொன்னேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

அந்தப் பெண்ணின் பேர் காத்ரைன். டச்சுக்காரங்க வெச்ச பேர். அப்பா அம்மா வெச்ச பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. அடிமைகளுக்கு ஊர்ப் பேரையே குடும்பப் பேரா எழுதுறது அவங்க வழக்கம். அதனால ஆவணத்தில் 'காத்ரைன் வான் பாலியாகாட்டா'. அதாவது பழவேற்காட்டு காத்ரைன். பத்தாவியாவில் அடிமையா இருந்தப்போ, இன்னொரு அடிமையின் சாவுக்குக் காரணம்னு 1656-ல் அவங்களுக்கு மரண தண்டனை விதிச்சாங்க. பிறகு அதை ஆயுள் முழுக்க நாடுகடத்தலா மாத்தினாங்க. 1657-ல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், நன்னம்பிக்கை முனையில் டச்சுக்காரங்க புதுசா போட்டிருந்த குடியேற்றத்துக்குக் கொண்டுபோய் விட்டாங்க. இன்றைய கேப் டவுன். அங்கே கவர்னர் வீட்டுத் துணி துவைக்கிற வேலை. துணிக்குப் பேர்போன ஊர்ல பிறந்த பெண்ணுக்கு உலகத்தின் அந்த மூலையில துணி துவைக்கிற வேலை.

பின்னாடி ஒரு டச்சுக் கம்பெனிச் சிப்பாய் மூலமா ஒரு மகன் பிறந்தான். பேர் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன். அவங்க விடுதலையும் பெற்று, வங்காளத்திலிருந்து அடிமையா வந்து விடுதலையான ஒருத்தரைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டாங்க. அந்த மகன் வழியா வந்த ஸ்னைமன் குடும்பம் தென்னாப்பிரிக்காவில் இன்னைக்குப் பெரிய ஆஃப்ரிகானர் குடும்பங்களில் ஒண்ணு. வெள்ளைக்காரக் குடும்பம்னு பேர், மூதாதை பழவேற்காட்டுப் பெண்!

பெரியவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "பொழைச்சிக்கிச்சே அந்தப் பொண்ணு" என்றார். வலையில அடுத்த முடிச்சைப் போட்டார்.

அப்புறம்

மீதிக் கதை சுருக்கமா. 1781-ல் நாகப்பட்டினத்தை இங்கிலீஷ்காரன் பிடிச்ச பிறகு பழவேற்காடு மறுபடியும் டச்சுத் தலைமையிடம் ஆச்சு. பழைய பவிசு திரும்பலை. 1795-ல் இங்கிலீஷ்காரன் ஊரை எடுத்துக்கிட்டான். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள்ள கோட்டையை இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க. 1818-ல் ஊர் மட்டும் டச்சுக்காரர் கைக்குத் திரும்பிச்சு. 1824 ஒப்பந்தப்படி 1825-ல் மொத்தமா இங்கிலீஷ்காரனுக்கே போச்சு. அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாதுன்னு இந்தியாவில் 1843-ல் சட்டம் வந்தது. டச்சுக்காரர் தங்களோட கிழக்கிந்தியத் தீவுகளில் அடிமை முறையை ஒழிச்சது 1860-ல்.

பழவேற்காடு போறவங்க எல்லாரும் கல்லறையைப் பார்க்கிறாங்க, படம் எடுக்கிறாங்க. பார்க்கத்தான் வேணும். அழகான இடம். அந்தக் கல் எழுத்துகளைக் காப்பாத்தினது நல்ல காரியம். நான் சொல்றது ஒண்ணுதான். ஊரில் அந்தக் கதையில் பாதிதான் கல்லில் இருக்கு. கப்பலேறினவங்க பாதிக்கு இந்த ஊரில் ஒரு கல் வேணும். கோட்டை மேட்டில் முள்ளைக் கொஞ்சம் வெட்டி, தமிழில் ஒரு பலகை வெச்சா போதும். 1622-23-ல் இத்தனை பேர், 1659-61-ல் இத்தனை பேர்னு எண்ணிக்கை. பேர் கிடைச்ச ஒருத்தர் ரெண்டு பேரோட பேர். காத்ரைன் பேரைக் கண்டிப்பாப் போடணும்.

போக நினைக்கிறவங்களுக்குச் சில குறிப்புகள்:

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பறவைகளும் இருக்கும், வெயிலும் தாங்கும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். பாலத்தைத் தாண்டிட்டா தண்ணி கிடைக்கிறது கஷ்டம், ஆளுக்கு மூணு லிட்டராவது எடுத்துக்கிட்டுப் போங்க. நல்ல கெட்டியான செருப்பு இல்ல ஷூ வேணும், கருவேல முள் சாதாரண ரப்பர் செருப்பைத் துளைச்சுடும். கோட்டை மேட்டுக்குள்ள தனியாப் போகாதீங்க. கொண்டுபோற பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவந்துடுங்க, அது அங்கே இருக்கிறவங்க சோறு போடுற ஏரி.

மணல்மேட்டுல ஏறினா மேற்கே ஏரியைப் பார்த்த பிறகு கிழக்கேயும் திரும்பி கொஞ்ச நேரம் கடலைப் பாருங்க. அவங்க போன வழி அது.